கொழும்புக்குக் குண்டு போட்ட கப்பல்களும் நிலவறையில் இருந்த மனிதரும்

எங்கள் வீட்டில் அண்ணரின் வயதைச் சொல்வதற்கு நாட்காட்டி தேவைப்பட்டதில்லை. "யப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட்ட வருஷம் பிறந்தவன்" என்று அம்மா சொல்வார். கேட்பவரும் விரல்விட்டு எண்ணி வயதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தலைமுறையில் புயல், வெள்ளம், பஞ்சம், குண்டு என்பனவே ஆண்டுக் கணக்குகள்.

அந்தக் குண்டு 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில் விழுந்தது. அப்பா அப்போது கொழும்புத் துறைமுகத்தை அண்டிய ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞராக இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பக்க அறை இரண்டில் அவரும் அம்மாவும் குடியிருந்தனர். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் புத்தாடையுடன் தெருவில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் விமானங்கள் வந்தனவாம். முதலில் எல்லோரும் அவை பிரித்தானிய விமானங்கள் என்றே நினைத்தார்களாம். துறைமுகமும் இரத்மலானை விமானத் தளமும் இலக்குகள். அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அடுத்த நாட்களில் கோட்டை புகையிரத நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கருவுற்றிருந்த அம்மாவை அப்பா எப்படியோ மட்டக்களப்பு வண்டியில் ஏற்றி அனுப்பினார். யுத்தத்திலிருந்து தப்பி ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள், ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில், மட்டக்களப்புக் கடலில் பெரும் சத்தம் கேட்டது. பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கிக்கொண்டிருந்தது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அதில் மாண்டார்கள். அதே காலையில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. "நான் ஓடி வந்த இடத்துக்கு அவன் எனக்கு முன்னாலே வந்திட்டான்" என்று அம்மா பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

இதையெல்லாம் நான் கேட்டு வளர்ந்த கதையாகவே வைத்திருந்தேன். பத்திரிகையில் சேர்ந்து பல ஆண்டுகளின் பின்னர், பசுபிக் யுத்தம் பற்றிய நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கப்பல்களின் பெயர்கள் கண்ணில் பட்டன. அட்மிரல் நகுமோ இலங்கைக்குக் கொண்டுவந்தவை ஐந்து விமானந்தாங்கிகள்: அக்காகி, சோரியு, ஹிரியு, ஷோக்காக்கு, சுயிக்காக்கு. அறுபது நாட்களின் பின்னர், ஜூன் 4 ஆம் திகதி, பசுபிக் சமுத்திரத்தின் நடுவே மிட்வே என்ற சின்னஞ்சிறு தீவுக்கு அப்பால் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. அக்காகி, காகா, சோரியு, ஹிரியு. நான்கில் மூன்று நம்முடைய கப்பல்கள்! என் அண்ணர் பிறந்தபோது அவை கடலடியில் கிடந்தன.

அவற்றைக் கடலடிக்கு அனுப்பியவர்கள் அமெரிக்க விமானிகள். ஆனால் அந்த விமானிகள் உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிற்பதற்குக் காரணமாக இருந்தவர் துப்பாக்கி தூக்காத ஒருவர். ஹவாய்த் தீவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில், வீட்டுச் செருப்பும் சீருடைக்கு மேலே ஒரு சிவப்பு மேலங்கியுமாக, ஜப்பானிய மொழியைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜோசப் ரோச்போர்ட்.

1900 ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் ஐரிஷ் வழிவந்த ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர். உயர்தரப் பாடசாலையை முடிக்காமலே, வயதைக் கூட்டிச் சொல்லி, 1918 இல் கடற்படையில் சேர்ந்தார். மறு ஆண்டே அதிகாரியானார். ஆனால் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் படிக்காதவர் என்ற குறை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. எந்தத் துறையிலும் இந்தச் சாதி உண்டு. எங்கள் பத்திரிகை உலகிலும் பட்டம் பெற்று வந்தவர்களுக்கும் அச்சுக்கூடத்திலிருந்து ஏறி வந்தவர்களுக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது.

1921 இல் ஃபே என்ற பெண்ணை மணந்தார். 1925 இல் அவரது கடற்படை வாழ்க்கை திசைமாறியது. அதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. குறுக்கெழுத்துப் போட்டியிலும் சீட்டாட்டத்திலும் அவருக்கிருந்த கெட்டித்தனத்தைக் கவனித்த சக அதிகாரி ஒருவர் அவருடைய பெயரை வாஷிங்டனுக்குச் சொன்னார். அங்கே கடற்படையின் சங்கேதப் பிரிவு ஒரு சிறு அறைக்குள் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. எண்களையும் எழுத்துக்களையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த வேலை அவருடைய வயிற்றைப் புண்ணாக்கியது. மாலையில் வீட்டுக்கு வந்தால் இரண்டு மூன்று மணி நேரம் படுத்துக்கிடந்த பின்னரே சாப்பாட்டுக்கு உட்கார முடிந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் உணவையும், ஏன் என்று கேட்க முடியாத மனைவியையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். அலுவலகத்தில் என்ன செய்தீர்கள் என்ற சாதாரணக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் கிடையாது.

சங்கேதத்தை உடைத்தால் மட்டும் போதாது. உடைத்தால் உள்ளே இருப்பது ஜப்பானிய மொழி. அதை அறியாதவனுக்குத் திறந்த பெட்டியும் பூட்டிய பெட்டியும் ஒன்றே. 1929 இல் கடற்படை அவரை மூன்று ஆண்டுகள் ஜப்பானுக்கு அனுப்பியது. மனைவியையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு போனார். அந்தக் காலத்து அமெரிக்க இராணுவ மொழி மாணவர்களுக்கு வகுப்பறை என்று பெரிதாக எதுவும் இல்லை. தூதரகத்தில் முகத்தைக் காட்டிவிட்டு, ஆசிரியரிடம் பாடம் கேட்டுக்கொண்டு, அந்த மக்களோடு வாழவேண்டும். குறித்த காலத்துக்கு ஒரு முறை பரீட்சை எழுதவேண்டும். நகனுமா நவோயே என்ற ஆசிரியரின் பாடங்கள்தாம் அந்தத் தலைமுறையை உருவாக்கின. ஒரு மொழியைக் குடும்பத்தோடு போய்ப் படிப்பது தனியாகப் படிப்பதிலிருந்து வேறுபட்டது. அரிசிக்காரன், மருத்துவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஆசிரியர்களாகிவிடுவார்கள். தென்னிலங்கையில் மாற்றலாகிப் போன நமது தபாலதிபர்களும் புகையிரத நிலைய அதிபர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேசிய சிங்களத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அதே கப்பலில் அதே நோக்கத்துக்காக ஜப்பானுக்குப் போன இன்னொரு இளம் அதிகாரி எட்வின் லேற்றன். இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். ஆனால் தான் முன்னர் சங்கேதப் பிரிவில் வேலை செய்தவன் என்பதை அந்த மூன்று ஆண்டுகளிலும் ரோச்போர்ட் லேற்றனுக்குச் சொல்லவில்லை. இந்த நட்பு பின்னர் எத்தனை கப்பல்களின் தலைவிதியை எழுதியது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1941 இல் லேற்றன் பசுபிக் கடற்படைத் தளபதியின் புலனாய்வு அதிகாரி. ரோச்போர்ட் பேர்ள் ஹாபர் சங்கேத நிலையத்தின் பொறுப்பாளர். சங்கேதத்தை உடைக்கவும் தெரிந்து, ஜப்பானிய மொழியும் தெரிந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையில் அரிதினும் அரிது.

1941 டிசம்பர் 7 ஆம் திகதி பேர்ள் ஹாபர் தாக்கப்பட்டது. அதுவரை வாஷிங்டன் அவருக்குக் கொடுத்திருந்த வேலை ஜப்பானிய அட்மிரல்களின் தனிச் சங்கேதம். அது உடையவே இல்லை. ஜப்பானியக் கடற்படையின் பிரதான சங்கேதத்தில் கைவைக்க அவருக்கு அனுமதி கிடைத்தது தாக்குதலின் பின்னர்தான். ஆனாலும் அவர் வாஷிங்டனைக் குறை சொல்லவில்லை. நாளைக்கு எதிரி என்ன செய்யப்போகிறான் என்பதை இன்றைக்குச் சொல்வதே தன் வேலை. அதில் தான் தவறிவிட்டேன் என்றே எண்ணினார். அதன் பின்னர் அவர் நிலவறையை விட்டு வெளியே வருவது அரிதாயிற்று. நாட்கணக்கில் அங்கேயே ஒரு சிறு கட்டிலில் படுப்பார், ரொட்டியும் கோப்பியும் சாப்பிடுவார். குளிரூட்டியின் குளிருக்காகவே அந்தச் சிவப்பு மேலங்கி. ஹவாயிலிருந்த கடற்படைக் குடும்பங்கள் கப்பல்களில் ஏற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்ட காலம் அது.

அந்த நிலவறையில் இருந்தவர்களின் பட்டியலும் சுவையானது. கலிபோர்னியா என்ற போர்க்கப்பல் தாக்குதலில் மூழ்கியபோது அதன் வாத்தியக் குழுவினருக்கு வேலையில்லாமல் போயிற்று. ரோச்போர்ட் அவர்களைக் கேட்டு வாங்கி, துளையிட்ட அட்டைகளைக் கையாளும் இயந்திரங்களில் உட்கார்த்தினார். எக்காளம் ஊதியவர்கள் எண்களை அடுக்கினார்கள், நன்றாகவே அடுக்கினார்களாம்.

அந்தச் சங்கேதம் எப்படிப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும், இடப்பெயருக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று. பல்லாயிரம் எண்கள் கொண்ட ஒரு நூல் அது. அனுப்பும்போது அந்த எண்ணோடு இன்னொரு நூலிலிருந்து எடுத்த வேறோர் எண்ணைக் கூட்டி அனுப்புவார்கள். முதலில் கூட்டிய எண்ணைக் கழிக்கவேண்டும். பிறகு மிஞ்சிய எண் எந்தச் சொல் என்று ஊகிக்கவேண்டும். பிழை நேராதிருக்க ஜப்பானியர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: மூல எண்கள் எல்லாம் மூன்றால் மீதியின்றி வகுபடும். பிழையைத் தடுக்க வைத்த அந்தக் காவலே திருடனுக்கும் வழிகாட்டியது. எல்லாம் செய்தும், ஒரு செய்தியில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோதான் வாசிக்க முடிந்தது. எஞ்சியவை வெற்றிடங்கள்.

வெற்றிடங்களை நிரப்புவது கணிதம் அன்று, மொழி. இதைத் தமிழருக்கு விளக்குவது எளிது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவையும் இப்படிப்பட்ட ஏடுகளே. செல்லரித்த இடங்கள், புள்ளியில்லாத மெய்கள், குறில் எகரமா நெடில் ஏகாரமா என்று தெரியாத கொம்புகள். வரி முழுவதையும் மனத்துள் வைத்திருப்பவன்தான் இழந்த எழுத்தைச் சொல்ல முடியும். ஜப்பானிய மொழியில் ஒரே ஒலிக்கு எத்தனையோ பொருள்கள் உண்டு. எழுதினால்தான் வேறுபாடு தெரியும், தந்தியில் எழுத்து வராது, ஒலி மட்டுமே வரும். மூன்று வாரத்துக்கு முன் வந்த ஒரு துணுக்கையும் இன்று காலை வந்த ஒரு துணுக்கையும் ஒட்டவைக்கும் நினைவாற்றல் ரோச்போர்ட்டுக்கு இருந்தது.

இங்கே இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூர் வீழ்வதற்கு முன்னரே பிரித்தானியரின் சங்கேதப் பிரிவு கொழும்புக்கு வந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இயங்கியது. அவர்களும் இதே சங்கேதத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். 'டி.ஜி.' என்ற இடத்தை ஜப்பானியர் தாக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அது எந்த இடம் என்று தெரியவில்லை. ஒரு செய்தியில் அந்தப் பெயரை ஜப்பானியர் எழுத்துக் கூட்டி அனுப்பிவிட்டார்கள்: கொ, ரொ, ன், போ. லகரம் இல்லாத மொழி அது. கொழும்பின் பெயர் அப்படித்தான் வெளிப்பட்டது. ஏப்ரல் 1 ஆம் திகதி என்று எதிர்பார்த்து அட்மிரல் சோமவில் கப்பல்களைக் கடலுக்குக் கொண்டுபோனார். ஒருவரும் வரவில்லை. எரிபொருளுக்காகவும் நீருக்காகவும் அவர் மாலைதீவின் அட்டு தீவுக்குத் திரும்பிய பின்னரே நகுமோ வந்தார். ஏப்ரல் 4 ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து கிளம்பிய கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் அந்தக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பி, சுட்டு வீழ்த்தப்பட்டார். அவர் பெயராவது நமது பாடசாலைப் பிள்ளைகள் சிலருக்குத் தெரியும். பாடசாலைக் கட்டடத்தில் இருந்து 'கொ ரொ ன் போ' என்று வாசித்தவர்களை யாருக்கும் தெரியாது.

ரோச்போர்ட்டுக்கு வந்த புதிர் 'ஏ.எவ்.' என்ற இரண்டெழுத்து. மே மாதச் செய்திகளில் அது திரும்பத் திரும்ப வந்தது. அங்கே ஒரு பெரும்படை இறங்கப்போகிறது. அது மிட்வே என்று அவர் சொன்னார். வாஷிங்டனில் இருந்தவர்கள் ஏற்கவில்லை. இலக்கு வேறு, திகதியும் வேறு என்றார்கள். நிலவறையில் ஜாஸ்பர் ஹோம்ஸ் என்றொருவர் இருந்தார். முதுகு நோவால் நீர்மூழ்கியை விட்டு விலகி, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பித்தவர், புனைபெயரில் கதையும் எழுதியவர். மிட்வேயில் குடிநீர் கடல்நீரைக் காய்ச்சி வடிப்பதால் கிடைப்பது என்பது அவருக்குத் தெரியும். யோசனை பிறந்தது. கடலடிக் கம்பி வழியாக மிட்வேக்கு இரகசியமாக ஒரு கட்டளை போனது: நீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வானொலியில், சங்கேதம் இல்லாமல், வெளிப்படையாக முறையிடுங்கள். முறையிட்டார்கள். விரைவிலேயே ஜப்பானியச் செய்தி ஒன்று அகப்பட்டது: ஏ.எவ். தீவில் நீர்த் தட்டுப்பாடு.

எனக்கு இந்தத் தந்திரத்தைவிட அதற்கடுத்து ரோச்போர்ட் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. அந்தச் செய்தியைத் தாமே கண்டுபிடித்ததாக வாஷிங்டனுக்கு முந்திக்கொண்டு அறிவிக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் மெல்பேணில் இருந்த நிலையம் அதை வாசித்து அறிவிக்கட்டும் என்று பேசாமல் இருந்தார். தாம் சொன்னால் நம்பமாட்டார்கள். வேறொருவர் சொன்னால் நம்புவார்கள். பெயர் யாருக்கு என்பது அவருடைய கணக்கில் இல்லை.

மே மாத இறுதியில் தளபதி நிமிட்ஸ் அவரை நேரில் அழைத்தார். இரவு முழுவதும் சங்கேதத் திகதியை உடைத்துக்கொண்டிருந்த ரோச்போர்ட் அரை மணி நேரம் பிந்திப் போனார். கசங்கிய உடை, சிவந்த கண். ஆனால் கையில் விடை இருந்தது. அதை அடிப்படையாக வைத்து லேற்றன், ஜப்பானியக் கப்பல்கள் ஜூன் 4 ஆம் திகதி காலை எந்தத் திசையில், எத்தனை மைலில், எத்தனை மணிக்குத் தென்படும் என்று நிமிட்ஸுக்குச் சொன்னார். அன்று காலை செய்தி வந்தபோது நிமிட்ஸ் லேற்றனைப் பார்த்து, ஐந்து நிமிடமும் ஐந்து பாகையும் ஐந்து மைலும் மட்டுமே பிசகிவிட்டீர்கள் என்றாராம்.

மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானியர் அந்த யுத்தத்தில் இறந்தார்கள். அவர்களுடைய மொழியை அவர்களுடைய நாட்டில் மூன்று ஆண்டுகள் இருந்து, தன் மகன் அந்தத் தெருக்களில் நடந்து திரியக் கண்டு கற்றவருக்கு அந்த எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். மொழி கற்ற சிப்பாயின் சங்கடம் இது. மற்றவர்களுக்கு எதிரி ஓர் உருவம், இவனுக்கு ஒரு குரல்.

நிமிட்ஸ் அவருக்குக் கடற்படையின் சிறப்புச் சேவைப் பதக்கம் வழங்குமாறு பரிந்துரைத்தார். வாஷிங்டன் மறுத்துவிட்டது. மற்றவர்கள் ஆக்கிக் கொடுத்த கருவிகளை அவர் திறமையாகப் பயன்படுத்தினார், அவ்வளவே என்பது அங்கிருந்தவர்களின் வாதம். எதை அவர்கள் பிழையாகச் சொன்னார்களோ அதைச் சரியாகச் சொன்னவர்கள் தாங்களே என்ற எண்ணத்தைத் தலைமையகத்தில் பரப்பியும் விட்டார்கள். 1942 ஒக்டோபரில், தற்காலிகப் பணி என்று சொல்லி அவரை வாஷிங்டனுக்கு அழைத்தார்கள். அவர் நிலவறைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவின் மிகச் சிறந்த ஜப்பானிய மொழிச் சங்கேத நிபுணர், யுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, சான் பிரான்சிஸ்கோ குடாவில் கப்பல் பழுதுபார்க்கும் மிதக்கும் துறை ஒன்றுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். 1944 இல் மீண்டும் புலனாய்வு வேலை கிடைத்தது. ஓய்வுபெற்று, கொரிய யுத்தத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, மறுபடியும் ஓய்வுபெற்றுக் கலிபோர்னியாவில் அமைதியாக வாழ்ந்தார். பதக்கத்தைக் கேட்டு அவர் எவர் வாசலிலும் நிற்கவில்லை. 1958 இல் நிமிட்ஸ் மீண்டும் எழுதினார். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

1976 ஜூன் மாதம் 'மிட்வே' என்ற திரைப்படம் வெளிவந்தது. ரோச்போர்ட்டாக ஹல் ஹோல்புறூக் நடித்தார். அடுத்த மாதம், ஜூலை 20 ஆம் திகதி, ரோச்போர்ட் காலமானார். அதன் பின்னரும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அந்த நிலவறையில் அவரோடு இருந்தவர்களே. ஹோம்ஸ் 1979 இல் தம் நூலில் எழுதினார். லேற்றனின் நூல் 1985 இல் வந்தது. அன்று கடைநிலை இளம் அதிகாரியாக இருந்து பின்னர் அட்மிரலான டொனால்ட் ஷவர்ஸ் அரசாங்கத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1986 மே 30 ஆம் திகதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ரீகன் அந்தப் பதக்கத்தை அவருடைய மகனிடமும் மகளிடமும் கொடுத்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள். வீட்டில் தந்தை எதைச் செய்தார் என்பதை அந்தப் பிள்ளைகள் தந்தையிடம் கேட்டு அறிந்ததைவிட, மற்றவர்கள் எழுதக் கண்டு அறிந்ததே அதிகமாக இருந்திருக்கும்.

இவரைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்கலாம். கொழும்புக் கப்பல்கள் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்தது.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் உதவி ஆசிரியர். எங்கள் மட்டக்களப்பு நிருபர் ஒரு பாடசாலை ஆசிரியர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அந்தக் காலத்தில் பிரதேச நிருபர்களுக்குச் சம்பளம் இல்லை. அச்சில் வந்ததை அடிக்கோல் வைத்து அளந்து அங்குலத்துக்கு இவ்வளவு என்று சன்மானம். தந்தி, தொலைபேசி எல்லாம் அறுந்துபோன நிலையில், இரண்டாம் நாள் ஒரு லொறிச் சாரதி கையில் மாஸ்டரின் கடிதம் வந்து சேர்ந்தது. புல்ஸ்காப் தாளில் நான்கு பக்கம். மழையில் மை ஊறியிருந்தது. எந்த ஊரில் எத்தனை கூரை நிற்கிறது, எந்தப் பாதையில் தென்னைகள் கிடக்கின்றன, ஆஸ்பத்திரியில் எத்தனை சடலம் என்று கண்டதை மட்டும் எழுதியிருந்தார். கொழும்புக்கு எட்டியிருந்த தகவல்களோ சேதம் அவ்வளவு இல்லை என்றன. "மாஸ்டர் கூட்டித்தான் எழுதுவார், நாலு வரி போடு" என்றார் எனக்கு மேலிருந்தவர். நான் நான்கு வரி போட்டேன். மறுக்கவில்லை என்பது மட்டுமன்று. எனக்கும் அது மிகையாகவே பட்டது. நானும் மட்டக்களப்பான்.

சில நாட்களில் உண்மை தெரிந்துவிட்டது. பத்திரிகை தலைமையகத்திலிருந்து ஒருவரை அனுப்பியது. போகுமுன் அவர் விபரம் கேட்டார். மாஸ்டரின் கடிதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். முழுப் பக்கம் வந்தது. நல்ல கட்டுரை. பாராட்டுக் கிடைத்தது. அதில் பாதி மாஸ்டரின் நான்கு பக்கம். பெயர் மற்றவருடையது. அந்த மாதம் மாஸ்டருக்குப் போன காசோலையில் அந்த நான்கு வரியும் ஒரு அங்குலமாகக்கூடச் சேரவில்லை.

மாஸ்டர் ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த வாரம் வழமைபோலச் செய்தி அனுப்பினார். பின்னொரு நாள் நேரில் கண்டபோது, "தம்பி, இப்ப எல்லாரும் எழுதினம்தானே, அதுதானே தேவை" என்று மட்டும் சொன்னார். அவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. ரோச்போர்ட்டின் கதையைப் படித்த இரவில், ஆக்கிக் கொடுத்த கருவிகள் என்ற வாதத்தை வாசித்த இடத்தில், நூலை மூடிவைத்துவிட்டேன்.

அண்மையில் கனடாவிலிருக்கும் அவருடைய மகளின் தொலைபேசி இலக்கம் ஒருவர் மூலம் கிடைத்தது. அழைத்தேன். சூறாவளி இரவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அப்போது ஒன்பது வயதாம்.

"எங்கட வீட்டுக் கூரை போயிட்டு, அங்கிள். அப்பா எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில இருத்தினாரு. அம்மாவையும் சேர்த்து ஒவ்வொருத்தராத் தலையில கைவைச்சு எண்ணினாரு. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிட்டாரு. பின்னேரம் வந்தாரு, திரும்பவும் எங்களை எண்ணினாரு, ஒரு மேசைக்குக் கீழ இருந்து எழுதினாரு. என்ன எழுதினாரெண்டு நாங்க கேக்கல்ல."

கடிதத்தில் தன் வீட்டுக் கூரை பற்றி மாஸ்டர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வரி, கடிதத்தை எடுத்துக் கொடுத்தது, காசோலை. மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தக் கடிதம் இப்ப எங்க, அங்கிள்?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் உதவி ஆசிரியரின் மேசையிலும் மரத்துண்டில் அறைந்த ஒரு நீண்ட கம்பி நிற்கும். வேலை முடிந்த தாள்களை அதில் குத்திவைப்போம். கம்பி நிறைந்ததும் பியோன் உருவி எடுத்துப் பின்முற்றத்தில் எரிப்பார். கட்டுரை வந்த அன்று கடிதம் என்னிடம் திரும்பி வந்தது. நான்தான் குத்தினேன்.